உரப்பானை ஏன் நாறுகிறது? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: மொட்டை மாடியில் மண்பானையில் உரம் போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, புழுவும் நெளிகிறது. பக்கத்து வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள். (ஒரு வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: பானையில் தண்ணீர் கூடிவிட்டது. மீந்த ரசமும் மோரும் ஊறின சோறும் அப்படியே உள்ளே போனால், இண்டு இடுக்கெல்லாம் நீர் நிறைந்து காற்று புகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அதுதான் அந்த முட்டை நாற்றம்.

பானையைப் பழைய சாக்கின்மேல் கவிழ்த்துங்கள். கட்டிகளை உடைத்து, அதே அளவு வேர்க்கடலைத் தோலோ சருகோ கலந்து ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். பானையில் பென்சில் பருமனுக்கு ஓட்டைகள் வேண்டும். அடி ஓட்டையைச் சேறு அடைத்திருக்கும், குத்திவிடுங்கள். நாலு விரல் உயரம் சருகு பரப்பிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். இனிமேல் கழிவை வடிகட்டி, ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணம் சருகு என்று போடுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள்.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. கத்திரி வெயிலில் நம் ஊரில் உதிரத்தான் செய்யும். மக்குவது நின்று எறும்பு ஏறும். ஒரு டம்ளர் தண்ணீர் தெளித்துப் பானையை நிழலுக்கு மாற்றுங்கள்.

புழு பழுப்பாக, தட்டையாக, கணுக்கணுவாக இருந்தால் அது படைவீரன் ஈயின் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) புழு. விட்டுவிடுங்கள், கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். வெள்ளையாக, ஒரு முனை கூராக இருந்தால் வீட்டு ஈயாக இருக்கலாம். கழிவு போட்டதும் ஓர் அங்குலம் சருகால் மூடினால் ஈ அண்டாது.

நாய் மலமும் நாப்கினும் பானைக்குள் வேண்டாம். கிருமி சாக 55 டிகிரி செல்சியஸ் சூடு மூன்று நாளாவது நிற்க வேண்டும். சின்னப் பானையில் அவ்வளவு சூடு நிற்காது.

கேள்வி: பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்? (ஒரு வாசகர், காட்பாடி)

பதில்: கோபம் நியாயம்தான். வண்டி எண், நேரம் குறித்து வார்டு சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை ஈரக் கழிவை மட்டும் தினமும் கொடுங்கள். பால் கவர், அட்டைகளைக் காயவைத்துச் சாக்கில் சேர்த்து, வேறொரு நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். சாம்பார் அப்பிய கவரை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். அது கடைசியில் வேலூர் சதுப்பேரி மாதிரிக் குப்பைமேட்டில்தான் சேரும். இன்னொன்று: இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடித் தனியாகக் கொடுங்கள். கலந்த குப்பையைக் கையால் கிளறுவது தூய்மைப் பணியாளர்.

கேள்வி: சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்தலாமா? (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: கூடாது. குழாய், ஒயர் உறையெல்லாம் செய்யும் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். சருகையும் கொளுத்தாதீர்கள், சத்துவாச்சாரி வாசகிக்கு அதுதான் தேவைப்படுகிறது.

கேள்வி: சாக்கடைக்கு மருந்து அடித்தும் டெங்கு வருகிறதே? (ஒரு வாசகி, கொசப்பேட்டை)

பதில்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையைத் தேடாது. கொட்டாங்கச்சி, டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு என்று கொஞ்சம் தெளிந்த நீர் நின்றால் போதும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஈரக்கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.