மாசம் ஒரு ட்ராக் டே போனா ஸ்போர்ட்ஸ் கார் டயர் எத்தனை நாள் தாங்கும், மத்த செலவெல்லாம் என்ன ஆகும்?

கேட்டவர் 1,600 கிலோ பக்கம் வர்ற ஒரு டர்போ கூப்பே பாத்து வச்சிருக்காரு, மாசம் ஒரு தடவ ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போகணும்னு ஆசை, இ.எம்.ஐ கட்டிடலாம் ஆனா டயர் செலவுதான் பயமா இருக்குன்னு எழுதியிருக்காரு. நான் ஏழு வருஷமா ட்ராக் டே (சொந்த காரையே ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாள்) போயிட்டு இருக்கேன், முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட இதே எடையில ஒரு டர்போ கார், அதுக்கப்புறம் 1,050 கிலோ ரோட்ஸ்டர் (கூரை திறக்கற ரெண்டு சீட் கார்) ஒண்ணு. ரெண்டுக்கும் ஒவ்வொரு நாளும் டயர் அளந்து நோட்டுல எழுதி வச்சிருக்கேன், அத வச்சுதான் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, டயர் செலவ பணத்துல யோசிக்காதீங்க, மில்லிமீட்டர்ல யோசிங்க. புது பெர்ஃபாமன்ஸ் டயர்ல பள்ளம் சுமார் 7 மிமீ இருக்கும். நிறைய நாட்டுல சட்டப்படி 1.6 மிமீ வரைக்கும் ஓட்டலாம், ஆனா அந்த டயர்லயே வீட்டுக்கும் வரணும், வழியில மழை பிடிச்சா 2 மிமீ டயர் தண்ணி மேல அப்படியே மிதக்கும், அதனால நான் 3 மிமீ வந்ததும் கழட்டிடுவேன். ஆக நம்ம கைல இருக்கறது 4 மிமீதான். பள்ளத்தோட ஆழம் அளக்க ஒரு டெப்த் கேஜ் வாங்கிக்கோங்க, உள் பக்கம், நடு, வெளி பக்கம்னு மூணு இடத்துல காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ அளங்க, ரெண்டு நாள் போனாலே உங்க காருக்கு, உங்க ஓட்டுக்கு, அந்த ட்ராக்குக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ தேயுதுன்னு தெரிஞ்சிடும். எவ்ளோ பணம்னு யார்கிட்ட கேட்டாலும் அவங்க கார் கணக்கதான் சொல்லுவாங்க, உங்க கணக்கு இந்த கேஜ்லதான் இருக்கு.

மூணு இடத்துல அளக்கணும்னு ஏன் சொல்றேன்னா, என் பழைய கார்ல முதல் செட் முன் டயர் ரெண்டே ட்ராக் டேல முடிஞ்சுது, கழட்டிப் பாத்தா வெளி ஷோல்டர்ல, அதாவது டயரோட ஓர விளிம்புல, உள்ள இருக்கற நூல் தெரியுது, உள் பக்கம் 5 மிமீ அப்படியே புதுசு மாதிரி இருக்கு. அதாவது பாதி டயர நான் பயன்படுத்தவே இல்ல, சும்மா தூக்கிப் போட்டேன். காரணம் கேம்பர், அதாவது முன்னாடி இருந்து பாத்தா சக்கரம் எவ்ளோ சாஞ்சு நிக்குதுங்கற கோணம். ரோட்டுக்குன்னு கம்பெனில செட் பண்ணி வர்ற கார்ல முன் சக்கரம் கிட்டத்தட்ட நேரா நிக்கும், வளைவுல பாடி சாயும்போது வெளி சக்கரமும் சேந்து சாயும், மொத்த பாரமும் ஷோல்டர் மேல ஏறும், அதுலயும் முன்னாடி மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்ங்கற சஸ்பென்ஷன் இருக்கற கார்னா சக்கரம் மேல ஏற ஏற அதோட உள் சாய்வு பெருசா கூடறதில்ல, அதனால பாதிப்பு ஜாஸ்தி. நான் மேல ஸ்ட்ரட் மவுன்ட்ட மாத்தி சக்கரத்தோட மேல் பக்கம் உள்ள சாயற மாதிரி மைனஸ் 2.5 டிகிரி வச்சேன். அதே டயர், அதே ட்ராக், நான் கொஞ்சம் வேகமா கூட ஓட்டினேன், அப்பவும் அஞ்சு நாள் வந்துது. அந்த மவுன்ட்டும் அலைன்மென்ட்டும் சேத்து ஆன செலவு ரெண்டு டயர் விலை கூட இல்ல. இஞ்சின் ட்யூனிங், எக்ஸாஸ்ட்னு யோசிக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது, முதல் காசு அலைன்மென்ட்டுக்கு போகட்டும். ரோட்ல நிறைய ஓட்டறவங்களா இருந்தா டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள் பக்கமோ வெளி பக்கமோ திரும்பியிருக்கற கோணம்) மட்டும் ஜீரோ கிட்ட வச்சுக்கோங்க, உள் பக்கம் சீக்கிரம் தேயறதுக்கு கேம்பர விட டோதான் பெரிய காரணம்.

அடுத்து காத்து. காலைல குளிர்ந்த டயர்ல கதவு ஸ்டிக்கர்ல போட்ட பிரஷர் அடிச்சிட்டு நேரா உள்ள போறவங்கள ஒவ்வொரு தடவையும் பாக்கறேன், வருத்தமா இருக்கு. பள்ளிக்கூடத்துல படிச்ச வாயு விதிதான், உள்ள இருக்கற காத்து 25 டிகிரில இருந்து 80 டிகிரிக்குப் போனா 28 பிஎஸ்ஐ கிட்டத்தட்ட 36 ஆயிடும், டயர் நடுவுல உப்பி, தரையில படற இடம் குறைஞ்சு, நடுப்பகுதி வெந்து தேயும், காரும் வழுக்கும், வழுக்க வழுக்க இன்னும் சூடாகும். அதனால சூட்டு பிரஷர்தான் கணக்கு. நாலு ரவுண்டு ஓட்டிட்டு உள்ள வந்ததும், ஆறறதுக்கு முன்னாடி அளந்து காத்த இறக்குங்க. எந்த எண் சரின்னா டயருக்கு டயர் மாறும், தயாரிப்பாளர் ட்ராக்குக்குன்னு சூட்டு பிரஷர் சொல்லியிருந்தா அதுல ஆரம்பிங்க. ரொம்ப இறக்கினாலும் ஆபத்து, டயரோட பக்கச் சுவர் மடிஞ்சு ஷோல்டர் போயிடும். முக்கியமானது, சாயங்காலம் டயர் ஆறினதும் திரும்ப ரோட்டு பிரஷருக்கு ஏத்திட்டுதான் ஹைவே ஏறணும், இத மறந்து 22 பிஎஸ்ஐல நூறு கிமீ ஓட்டிட்டு வர்றவங்க இருக்காங்க.

இப்ப எந்த டயர்ங்கற கேள்வி. டயர் பக்கவாட்டுல ட்ரெட்வேர்னு ஒரு எண் இருக்கும், 100ங்கறது ஒரு ஒப்பீட்டு டயரோட தேய்மானம், 200னா அதுல பாதி வேகத்துல தேயணும். இது அமெரிக்க முறை, டெக்சாஸ்ல சாதாரண ரோட்ல 7,200 மைல் ஓட்டி அளக்கறது, எண்ண போடறது தயாரிப்பாளரேதான். அதனால ஒரு கம்பெனியோட 200ம் இன்னொரு கம்பெனியோட 200ம் ஒண்ணு இல்ல. நிறைய அமெச்சூர் போட்டிகள்ல குறைஞ்சது 200 இருக்கணும்னு விதி இருக்கறதால அந்த எண்ண போட்டுக்கிட்டே கிட்டத்தட்ட செமி ஸ்லிக் (பள்ளம் ரொம்ப குறைவா இருக்கற ட்ராக் டயர்) மாதிரி ஒட்டற டயர் நிறைய வந்திருக்கு. யோகோஹாமா அட்வான் ஏ052வும் ஹான்கூக் ஆர்எஸ்4ம் ரெண்டுமே 200தான், ஆனா முதல்ல சொன்னது உடனே சூடாகி பசை மாதிரி பிடிக்கும், சீக்கிரம் தேயும், ரெண்டாவது கொஞ்சம் மெதுவா சூடாகும், நாள் முழுக்க ஓட்டினாலும் தாங்கும். டோயோ ஆர்888ஆர் 100, ஹூசியர் ஆர்7 40, அந்த வகை எல்லாம் ட்ரெய்லர்ல கார் கொண்டு வர்றவங்களுக்கு, மழையில அதுல வீட்டுக்கு வர்றதுன்னா உயிர் கைல பிடிச்சிட்டுதான் வரணும்.

முதல் வருஷம் நீங்க செமி ஸ்லிக் போடாதீங்க. இத செலவுக்காக மட்டும் சொல்லல. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி ஒரு நல்ல ரோட்டு டயர் முன்னாடியே கத்தும், மெதுவா விடும், நீங்க பண்ற தப்ப காதுக்கு சொல்லிக் கொடுக்கும். செமி ஸ்லிக் கடைசி வரைக்கும் அமைதியா பிடிச்சிட்டு இருந்து அதிக வேகத்துல விடும். ஆனா ரோட்டு டயர்ல ஒரு குறை இருக்கு, கனமான கார்ல எட்டு ஒன்பது ரவுண்டு விடாம அடிச்சா ரப்பர் உள்ளுக்குள்ள வெந்து துண்டு துண்டா பிச்சிக்கும், என் 1,600 கிலோ கார்ல 4 மிமீ மிச்சம் இருக்கும்போதே ஷோல்டர்ல கட்டி கட்டியா போயிருக்கு. அதுக்கு வழி மூணு நாலு ரவுண்டு அழுத்தி ஓட்டிட்டு ஒரு ரவுண்டு ஆற விடறதுதான், இதுலயே டயரோட ஆயுசு நல்லா கூடுது.

பள்ளம் இருந்தாலும் ஒட்டற தன்மை போயிடும், இதையும் கணக்குல எடுத்துக்கணும். ஒவ்வொரு தடவ நல்லா சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமா இறுகும், இத ஹீட் சைக்கிள்னு சொல்லுவாங்க, செமி ஸ்லிக்ல இது ரொம்ப தெரியும். யாராவது பழைய செட்ட பாதி விலைக்கு கொடுத்தா பள்ளத்த மட்டும் பாக்காதீங்க, பக்கவாட்டுல நாலு இலக்கத்துல தயாரிச்ச வாரமும் வருஷமும் இருக்கும், அதப் பாருங்க, நகத்தால அழுத்திப் பாருங்க, எத்தனை செஷன் ஓடினதுன்னு கேளுங்க.

இன்னொரு விஷயம், ட்ராக் எந்தப் பக்கம் சுத்துதோ அதுக்கு எதிர் பக்க டயர்தான் முதல்ல போகும். கடிகாரச் சுத்துல ஓடற ட்ராக்ல வலது வளைவு ஜாஸ்தி, அதனால முன் இடது டயர் முதல்ல காலி ஆகும். நாலு சக்கரமும் ஒரே சைஸ்னா முன்னுக்கும் பின்னுக்கும் மாத்தி மாத்தி போட்டு நாலையும் ஒண்ணா முடிக்கலாம். முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ்னா அந்த வசதி கிடையாது. ஆல் வீல் டிரைவ் கார்ல இன்னும் கஷ்டம், ரெண்டு டயர் மட்டும் புதுசா போட்டா உருள்ற அளவு வித்தியாசத்துல சக்கரங்களுக்கு சக்திய பிரிச்சுக் கொடுக்கற டிஃபரென்ஷியலுக்கு வேலை கூடும், அதனால பல தடவ நாலும் சேத்துதான் வாங்கணும். கார் வாங்கறதுக்கு முன்னாடியே இத பாருங்க.

இப்ப எடை. எடைதான் உண்மையான பில்லு, மத்ததெல்லாம் அதோட வட்டி. 1,600 கிலோ கார் 200 கிமீ வேகத்துல இருந்து 80க்கு வரும்போது பிரேக் வாங்கற சக்தி சுமார் 2 மெகாஜூல், அதாவது அஞ்சு லிட்டர் ஐஸ் தண்ணிய கொதிக்க வைக்கற சூடு, அது நாலஞ்சு செகண்டுல, ஒவ்வொரு ரவுண்டும், ரெண்டு மூணு இடத்துல. 1,050 கிலோ கார்ல அதே வேகம் குறைக்க 1.36 மெகாஜூல் போதும். ஆனா நிஜ வித்தியாசம் இந்த விகிதத்த விடப் பெருசு, ஏன்னா கனமான காருக்கு டயர் சைஸும் பெருசு. நிசான் ஜிடி-ஆர் 1,700 கிலோவுக்கு மேல, 20 இஞ்ச் சக்கரம், பின்னாடி 285 அகலம். மஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன் பக்கம், 1.5 லிட்டர்ல 16 இஞ்ச், 195 அகலம். ஜிடி-ஆரோட ஒரு பின் டயர் காசுக்கு எம்எக்ஸ்-5க்கு ரெண்டு டயராவது வரும், அதுவும் மெதுவாதான் தேயும். என் நோட்டு கணக்குல ரோட்ஸ்டர்ல ஒரு செட் 11, 12 நாள் வருது, பழைய கார்ல எல்லாம் சரி பண்ணினதுக்கு அப்புறமும் அஞ்சுதான்.

பிரேக் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இது பணம் மட்டும் இல்ல. என்னோட நாலாவது ட்ராக் டே, மூணாவது செஷன், நேர்ப்பாதை முடிவுல மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணி, கியர இறக்கி, ஓரத்து மண்ணுல போய் நின்னேன், காருக்கு ஒண்ணும் ஆகல, கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரம் ஆச்சு. ஃப்ளூயிட் மாத்தி ரெண்டு வருஷம் ஆயிருந்துது. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், டாட் 4ங்கற தரத்து ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது கொதிக்காம குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினதுக்கு அப்புறம் 155 தாங்கினா போதும்னுதான் விதி. கொதிச்சா ஆவி, ஆவிய அமுக்க முடியும், பெடல் உள்ள போயிடும். மோடுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஃப்ளூயிட் புதுசுல 300 டிகிரிக்கு மேல தாங்கும், ஒரு டயர் விலையோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல, அத வாங்கி ஊத்துங்க, மாசம் போறவர்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. ரோட்டு பிரேக் பேடும் முதல் நாளே பத்தாது. பேட் பாதிக்குக் கீழ தேஞ்சா மாத்திடுங்க, மெலிஞ்ச பேட் சூட்ட நேரா ஃப்ளூயிட்டுக்கு கடத்தும். துளை போட்ட பிரேக் டிஸ்க்ல ஓட்டையச் சுத்தி விரிசல் வரும், துடைச்சுப் பாத்துட்டே இருங்க. செஷன் முடிஞ்சு வந்து ஹேண்ட் பிரேக் போடாதீங்க.

மத்த செலவெல்லாம் சட்டுனு சொல்லிடறேன். பெட்ரோல் ரோட்ல ஆகறத விட மூணு மடங்கு வச்சுக்கோங்க, கால் டேங்குக்குக் கீழ போனா வளைவுல இஞ்சினுக்கு பெட்ரோல் கிடைக்காம இடறும். இஞ்சின் ஆயில ரோட்டுக்கு சொல்ற இடைவெளியில பாதிக்கும் முன்னாடியே மாத்துங்க. வீல் பேரிங் ஒரு தேய்மானப் பொருள்னே நினைச்சுக்கோங்க. வீல் நட்ட ஆறினதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து காட்டற ஸ்பேனர்) வச்சு பாருங்க. இன்ஷூரன்ஸ் நிறைய பாலிசில ட்ராக்குக்கு கிடையாது, வரிவரியாப் படிங்க, தடுப்புல இடிச்சா தடுப்பு செலவையும் ஓட்டினவர்கிட்ட வாங்கற ட்ராக் இருக்கு.

பழைய பெரிய கார் மலிவா கிடைக்குதேன்னு போறவங்களுக்கு, சுண்டைக்காய் கால் பணம் சுமைக்கூலி முக்கால் பணம்னு பெரியவங்க சொன்னது இந்த விஷயத்துக்கே சொன்ன மாதிரி இருக்கு. காரோட விலை இறங்கும், அதோட டயர் சைஸும் செராமிக் டிஸ்க்கோட விலையும் இறங்காது.

உங்க கேள்விக்கு நேரா வர்றேன். நீங்க பாத்து வச்சிருக்கற கார, கேம்பர் சரி பண்ணி, நல்ல ரோட்டு டயர்ல, மாசம் ஒரு நாள் ஓட்டினா வருஷத்துக்கு ரெண்டரை செட் டயர், ரெண்டு செட் முன் பேட், ஒரு ஜோடி டிஸ்க், நாலு தடவ ஃப்ளூயிட். உங்க கார் சைஸ சொல்லி இதுக்கெல்லாம் விலை கேட்டு எழுதுங்க, பன்னெண்டால வகுங்க, வர்றது ஒரு நாள் செலவு. அது இ.எம்.ஐய தாண்டிப் போச்சுன்னா கார வாங்காதீங்க, இல்லன்னா மாசம் ஒண்ணுக்கு பதிலா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு போங்க. இன்னும் கையெழுத்து போடலன்னா 1,100 கிலோவுக்குக் கீழ ஏதாவது ஒண்ண ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கார் மாடலையும் டயர் சைஸையும் கமென்ட்ல போட்டீங்கன்னா என் நோட்டுல இருக்கற பிரஷர் எண்கள அனுப்பறேன்.