அவருக்கு பூட்ஸ், எனக்கு வேட்டி

விபத்திலிருந்து தேறி வந்த நாட்களில் யாருடைய வாழ்க்கை உங்களுக்குத் தைரியம் கொடுத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார். நான் கிறிஸ்தவன் இல்லை. தேவகோட்டை தே பிரித்தோ பள்ளியில் படித்தவன், இயேசு சபைப் பள்ளி என்பதால் அவர் கதை காதில் விழுந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

காரைக்குடி ரோட்டில் வண்டி சறுக்கி வலது கால் முறிந்தது. ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, மறுபடி உடைத்துத்தான் நேராக்கணும் என்றார்கள். முதல் தடவை எல்லாம் மளமளவென்று நடந்துவிடும். இரண்டாவது தடவை வலி எப்படியிருக்கும் என்று தெரிந்தே போய்ப் படுக்கணுமே! பத்து நாள் நான் சம்மதிக்கவில்லை. அப்பத்தா வேறு, ஆட்டுக்கால் சூப்பிலேயே சரியாகிவிடும் என்றார்கள்.

அப்போதுதான் இவர் ஞாபகம் வந்தது. 1521 மே 20, ஸ்பெயினில் இருக்கிற பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருக்கும் வலது கால்தான் நொறுங்கியது. சரியாகப் பொருந்தவில்லை என்று அவர் காலையும் மறுபடி உடைத்தார்கள், மயக்க மருந்து கிடையாது, முஷ்டியை இறுக்கிக்கொண்டாரே தவிர வாய் திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். தேறியதும் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. பூட்ஸ் போட்டால் அசிங்கமாகத் தெரியுமே என்று அதையும் அறுக்கச் சொல்லிவிட்டார்!

எனக்குப் பிடித்ததே இந்த பூட்ஸ் சமாச்சாரம்தான். அந்த நேரத்தில் அவர் புனிதரே இல்லை, அழகு பார்க்கிற முப்பது வயதுப் போர்வீரர். படுக்கையில் பொழுது போக வீரசாகசக் கதைப் புத்தகம் கேட்டு, அது வீட்டில் இல்லாததால் இயேசுவின் வரலாறும் புனிதர்கள் கதையும் படித்து மனம் மாறியதெல்லாம் அப்புறம். பக்தி வந்தால்தான் துணிச்சல் வரும் என்றால் என் பாடு திண்டாட்டம். வேட்டியை மடித்துக் கட்டினால் கோணல் தெரியுமா என்று கண்ணாடி முன்னால் நின்றவன் நான்.

சரி என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த நான்கு மாதம் வாக்கரோடு, வழுக்குகிற ஆத்தங்குடிக் கல்லிலும் ஒவ்வொரு நிலைப்படியிலும் நான் பட்ட பாடு தனிக் கதை. லேசாக நொண்டல் இருக்கிறது. அவருக்கும் கடைசி வரை இருந்தது, அந்தக் காலோடுதான் 1523-ல் எருசலேம் வரை போய் வந்தார்.

அப்பத்தா மட்டும் இன்னும் சூப்பால்தான் சரியானது என்கிறார்கள்.