காப்பெற் வீதியும் கிளித்தட்டும்

கேள்வி: எங்கள் வீடு விசுவமடுவில், ஏ35 பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது. மகனுக்கு 10 வயது, மகளுக்கு 15. ஒழுங்கைக்குக் காப்பெற் (வழுவழுப்பான தார்) போட்ட பிறகு மகன் விளையாட இறங்குவதில்லை. மகள் சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டோவில் ரியூசனுக்குப் போகிறாள். போன்தான் காரணம் என்கிறார் கணவர். வீதியும் காரணமாக இருக்குமா, ஐயா?
– ஒரு தாய்

பதில்: இருக்கும், தங்கச்சி. போனை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். எங்கள் ஒழுங்கை கிரவலாக இருந்தபோது குழிக்குப் பயந்து மோட்டார் சைக்கிள் மெதுவாக வரும். பிள்ளைகள் குதிக்காலால் மண்ணைக் கீறிக் கிளித்தட்டு விளையாட்டுக்குக் கோடு போடுவார்கள். காப்பெற் வந்தது நல்லதுதான், மழைக்குச் சேறில்லை. ஆனால் அகலமாக்கும்போது இரண்டு வேம்பையும் தறித்துவிட்டார்கள். இப்போது ஐந்தரை மணி வரை தார் கொதிக்கிறது. சூடு ஆறும்போது இருட்டிவிடும். டிப்பரும் அதே ஒழுங்கையால் பறக்கிறது. 30 கிலோமீற்றர் வேகத்தில் வருவது 60 ஆனால் மோதும் சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. எந்தத் தாய் பிள்ளையை வெளியே விடுவாள்?

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்கில், 11 முதல் 17 வயது வரையானவர்களில் உலகம் முழுவதும் 81 வீதமானோருக்கு அது கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகளில் 85 வீதம். உங்கள் மகள் ரியூசனுக்குச் சைக்கிள் மிதித்துப் போய்வந்ததே அந்த அறுபதில் ஒரு நல்ல பங்கு.

இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டியது ஒன்றல்ல. மகனுக்கு வாகனம் ஊடறுத்துப் போகாத, நிழலுள்ள ஒழுங்கை போதும். மகளுக்கோ பிரதான வீதியில் ஏறாமலே போய்ச்சேரும் வழி வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒழுங்கைகள் மீன்முள் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெருவீதியில் போய் முட்டுகின்றன. சிநேகிதியின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரியும், ஆனால் போவதென்றால் ஏ35இல் ஏறி இறங்க வேண்டும். அந்த வாய்க்காலுக்கு மேல் ஒரு சின்னக் கொங்கிறீற் பாலமும், நடுவில் ஒரு கட்டையும் போட்டால் சைக்கிள் போகும், டிப்பர் போகாது. ஒரு விளக்கும் பூட்ட வேண்டும். பற்றை மூடிய வெறுங்காணிப் பக்கமாகப் பெண்பிள்ளை இருட்டில் தனியே வரமாட்டாள், வரச்சொல்லவும் கூடாது.

உள்ளூர் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. ஏ35 வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. எனவே கடிதம் பிரதேச சபைக்குப் போகட்டும், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில். வேகத்தடை, பாலம், விளக்கு மூன்றையும் கேளுங்கள். மகளையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் பயம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

வேம்புக்குக் கடிதம் தேவையில்லை. ஐப்பசி மழையோடு உங்கள் வேலியோரமாக மேற்குப் பக்கத்தில் இரண்டு கன்று வையுங்கள், பின்னேர வெயில் அந்தப் பக்கத்தால்தான் விழும். ஆடு கடிக்காமல் கூடு கட்ட மறக்க வேண்டாம்.