சந்தேக மாடு தேறினால் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: அயர்லாந்தில், டிப்பரரியில், கணவர் வீட்டுப் பால் பண்ணையில் இருக்கிறேன். 70 கறவை மாடுகள். போன வாரம் நடந்த வருடாந்திர டி.பி. (காசநோய்) பரிசோதனையில் இரண்டு மாடுகள் தோற்றுவிட்டன. இன்னொன்று ‘சந்தேகம்’ என்று வந்திருக்கிறது. மந்தையிலேயே அதிகம் கறப்பது அதுதான். மூன்றும் நன்றாகத் தின்று, நன்றாக அசைபோடுகின்றன. இனி எதையும் விற்கக் கூடாது என்று பண்ணையைப் பூட்டிவிட்டார்கள். விற்க வேண்டிய 18 கன்றுகள் கொட்டகையில் நிற்கின்றன. போன இலையுதிர்காலத்தில் எங்களுக்கு ஆறு கிடேரிகள் வாங்கிக்கொடுத்த தரகர், ‘கன்றுகளை நான் பார்த்துக்கொள்கிறேன், இது பேட்ஜர் என்ற காட்டு விலங்கு செய்த வேலை’ என்கிறார். சந்தேக மாடு மறுபரிசோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. மாமனார் தொட்டிப் பாலை அப்படியே குடிப்பவர்.

பதில்: பாலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் நாளைவரை பொறுக்கும், இது பொறுக்காது. மாட்டுக் காசநோய்க் கிருமி பால் வழியாக மனிதருக்கு வரும். தோற்ற இரண்டு மாடுகளின் பால் தொட்டிக்குப் போகவே கூடாது, கன்றுகளுக்கும் ஊற்றக் கூடாது. சந்தேக மாட்டின் பாலையும் கன்றுக்குக் காட்டாதீர்கள். மற்ற மாடுகளின் பாலை ஆலைக்காரர்கள் சூடுபடுத்தித்தான் பயன்படுத்துவார்கள். உங்கள் சமையலறையில் அதைச் செய்ய ஆள் நீங்கள்தான். அங்கே பண்ணை வீடுகளில் தொட்டியிலிருந்து ஒரு ஜக் மொண்டு வந்து அப்படியே மேசையில் வைப்பது தலைமுறைப் பழக்கம். நம் வீடுகளில் பால் பொங்காமல் யாரும் வாய் வைப்பதில்லை. அந்தப் பழக்கத்தை இன்றைக்கே அந்த அடுப்பில் ஏற்றுங்கள். மாமனார் முகம் சுளித்தாலும் சரி, காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைப் பால் வாங்குங்கள். குடும்ப மருத்துவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மனிதருக்கு இப்படித் தொற்றுவது இப்போது அயர்லாந்தில் அரிது, அதனால் பதற வேண்டாம். அரிதாகிப் போனதற்குப் பெரிய காரணமே பாலைச் சூடாக்குவதுதான்.

‘நன்றாகத் தின்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய் வந்த பண்ணைகளில் நான் முதலில் கேட்டது எல்லாமே இந்த வார்த்தைதான். இருமி, இளைத்து, எலும்பு தெரிய நிற்கும் மாடு என்று நாம் நினைக்கிறோம். அந்த நிலைக்கு வரும் முன்பே பரிசோதனை அதைப் பிடித்துவிடுகிறது. பரிசோதனை இருப்பதே அதற்காகத்தான்.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டின் கழுத்தில் இரண்டு இடத்தில் முடியைக் கத்தரித்து, தோல் மடிப்பின் தடிமனை அளந்தார்கள். மேலே பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த மருந்து, கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது, என்று இரண்டு ஊசி. 72 மணி நேரம் கழித்து வந்து மறுபடி அளந்தார்கள். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் மாட்டைத் தொட்டிருந்தால் மேல் தடிப்பும் வீங்கும். அதனால்தான் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். கீழ்த் தடிப்பு மேலதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக வீங்கியிருந்தால் மாடு தோற்றது. கூடுதல்தான், ஆனால் அந்த அளவைத் தாண்டவில்லை என்றால் சந்தேகம். இதற்குமேல் நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். இரண்டு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். நோயில்லாத மாடுகளில் ஏறத்தாழ 5,000-க்கு ஒன்றைத்தான் இந்தப் பரிசோதனை தவறாகப் பிடிக்கும். நோயுள்ள மாடுகளிலோ ஐந்துக்கு ஒன்றைக் கோட்டை விட்டுவிடும்.

அதாவது, தோற்ற மாடு அநேகமாக நோயுள்ள மாடுதான். தேறிய மாடு நோயில்லாத மாடு என்பதற்கு அவ்வளவு உறுதி கிடையாது.

நான் அங்கே இறைச்சிக்கூடங்களில் தற்காலிகக் கால்நடை ஆய்வாளராகப் பல வருடம் நின்றவன். தோற்ற மாடுகள் வந்தால் தொண்டை, நுரையீரலைச் சுற்றியுள்ள நிணநீர்க் கட்டிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்ப்போம். நல்ல கட்டி ஈரமாக, பழுப்பாக, வெண்ணெய்போல வெட்டுப்படும். நோய் முற்றிய கட்டியில் கத்தி போனால் நறநறவென்று மணல் கடிபடுவதுபோல இருக்கும்; உள்ளே திரிந்த பால்போல மஞ்சளாகத் திப்பி. ஒருமுறை, பளபளவென்று கொழுத்த ஒரு கிடேரியின் நுரையீரல் ஓரத்தில் பாக்கு அளவுக்கு அப்படி ஒரு கட்டி. சந்தையில் யார் பார்த்தாலும் அதைத்தான் முதலில் விலை கேட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. தோற்ற மாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கண்ணுக்குத் தெரிகிற எதுவும் இருக்காது. ‘புண் எதுவும் காணப்படவில்லை’ என்று தகவல் வரும். உடனே பண்ணை முழுக்க ஒரே பேச்சாகிவிடும்: பரிசோதனை தப்பு, நல்ல மாட்டை அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள் என்று. அப்படி இல்லை. கட்டி வளர மாதங்கள் ஆகும், தோல் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மிளகு அளவு கட்டியை, நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசையில், இரண்டு நிமிடத்தில் தேட வேண்டிய நிலையில் நாங்களும் தவற விட்டிருப்போம். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு தகவல் வரலாம். அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். சந்தேக மாட்டை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்ணைகள் இங்கேதான் இரண்டாம் முறை அடிபடுகின்றன. சந்தேக மாட்டைத் தனியாகக் கட்டி, குறைந்தது 42 நாள் கழித்து மறுபடி ஊசி போடுவார்கள். தேறிவிட்டால் சட்டப்படி மந்தைக்குள் விடலாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நாளிலிருந்து அந்த மாட்டை வேறு பண்ணைக்கு விற்க முடியாது. ஆயுளுக்கும் அது போகக்கூடிய ஒரே இடம் இறைச்சிக்கூடம். வேறு பண்ணைக்கு ஆகாது என்று அரசாங்கமே முத்திரை குத்திய மாடு உங்கள் 70 மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கலாம் என்றால், அந்த விதியின் பொருள் என்ன? அதை விளக்கி யாராவது உங்கள் முற்றத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசினார்களா? பேசியிருக்க மாட்டார்கள். தடித்த உறையில் காகிதம் மட்டும் வந்திருக்கும். அடுத்த சில வருடங்களில் தோற்கும் வாய்ப்பு இந்த மாடுகளுக்கு மற்றவற்றைவிட அதிகம். அதுவரை அது உங்கள் கொட்டகையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், கன்றும் போடும்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை அவசரப்படாமல் செய்ய வேண்டும். உங்கள் மந்தையில் ஏற்கெனவே இரண்டு மாடு தோற்றிருப்பதால், அரசின் விவசாயத் துறையின் கால்நடை அதிகாரி அளவுகோலை இறுக்கி, சந்தேக மாட்டையும் தோற்றதாகவே எழுத இடமுண்டு. ரத்தப் பரிசோதனைக்கும் சொல்லலாம். அப்படித் தோற்றதாக எழுதினால் அதற்கும் நஷ்டஈடு கிடைக்கும். நீங்களாக இறைச்சிக்கூடத்துக்கு ஓட்டினால் கிடைப்பது கறி விலை மட்டும். ஆகவே ஓட்டுவதற்கு முன் அதிகாரிக்குப் போன் செய்து ‘இந்த மாட்டை என்னவென்று எழுதப்போகிறீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால், அப்போதும் அனுப்பிவிடுங்கள். கறப்பதில் முதல் மாடு என்று மனது அடித்துக்கொள்ளும். ஒரு மாட்டின் பாலை 70 மாட்டோடு வைத்து எடை போட்டுப் பாருங்கள்.

அடுத்து தரகர். அவர் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் இரண்டில் ஒன்றுதான். கன்றுகளைப் பதிவு செய்யாமல் வேறு பண்ணையின் காதுவில்லை மாட்டி நகர்த்துவார், அல்லது இருட்டில் ஏற்றிக்கொண்டு போய்க் காகிதத்தைப் பிறகு பார்ப்பார். அங்கே ஒவ்வொரு கன்றும் பிறந்த 20 நாளுக்குள் வில்லை போட்டு, அதிலிருந்து ஏழு நாளுக்குள் பதிவாக வேண்டும். காதிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்கு பி.வி.டி. என்ற மாட்டு வைரஸ் நோய்ப் பரிசோதனைக்குப் போகிறது. கறவை மாடு 70, கன்று எத்தனை என்று கணினி கேட்கும் நாள் வரும். அன்று தரகர் இருக்க மாட்டார். நஷ்டஈடு நிற்கும், வழக்கும் உங்கள் கணவர் பேரில்தான் வரும். அதைவிட, அந்தக் கன்று போய்ச் சேரும் பண்ணையிலும் உங்கள் வீட்டைப் போல ஒரு குழந்தை இருக்கலாம்.

அதே ஆள் அடுத்த வாரம் இன்னொரு கதையோடு வருவார். ‘பூட்டிய பண்ணை மாட்டை யார் வாங்குவார்கள், கழிக்கிற மாடுகளைப் பாதி விலைக்குக் கொடுங்கள்.’ பொய். பூட்டிய பண்ணையிலிருந்தும் அனுமதிச் சீட்டோடு மாட்டை நேராக இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பலாம். கூடத்துக்கு நீங்களே போன் செய்யலாம். நம் ஊரில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்து வளர்ந்தவள் நீங்கள். அங்கே துண்டு கிடையாது. கையில் கை தட்டி, ‘அதிர்ஷ்டக் காசு’ என்று விற்றவர் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். வேலை ஒன்றுதான்.

பேட்ஜர் கதைக்கு வருகிறேன். பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்குக்கு இந்த நோய் உண்டு, மாட்டுக்குக் கொடுக்கவும் செய்கிறது. 2018-லிருந்து அவற்றுக்குத் தடுப்பூசி போடுவதை நாட்டின் ஒழிப்புத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். தீவனப் பெட்டியை மூடுங்கள், தண்ணீர்த் தொட்டியை உயர்த்துங்கள், வளை தெரிந்தால் சுற்றி வேலி போட்டுத் துறைக்குச் சொல்லுங்கள். நீங்களாகக் கொல்லாதீர்கள், வளையை அடைத்துத் தருகிறேன் என்று வருபவருக்கும் காசு கொடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆனால் தரகர் பேட்ஜரைக் காட்டும்போது, அவர் விரல் எதிலிருந்து விலகுகிறது என்று பாருங்கள். போன இலையுதிர்காலத்தில் வந்த ஆறு கிடேரிகள் எந்தப் பண்ணையில் பிறந்தவை, அங்கே கடைசியாக எப்போது மாடு தோற்றது என்று கேட்டீர்களா? தோற்ற இரண்டும் அந்த ஆறில் உண்டா? முதலில் காதுவில்லை எண்ணை எடுத்து அதைச் சரிபாருங்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. நான் பார்த்த சந்தைகளில் எல்லாம் மாட்டின் கடைசிப் பரிசோதனைத் தேதி பலகையில் ஓடும். அந்த மந்தையில் முன்பு காசநோய் வந்ததா என்பது ஓடாது. வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் அதுதான். விற்பவர் மாட்டின் விலை விழுந்துவிடுமாம். 1954-ல் ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தார்கள், 1965-லேயே கிட்டத்தட்ட முடிந்ததென்று அறிவித்தார்கள். 2024-ல் ஒரே வருடத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் தோற்றன. பால் பண்ணைக்காரரிடமும் கறி மாடு வளர்ப்பவரிடமும் பிடித்தம் செய்த காசு இதில்தான் போகிறது.

சரி, கன்றுகள். 18-ம் உங்களோடுதான் இருக்கப்போகின்றன என்று இப்போதே முடிவு செய்து இடம் பண்ணுங்கள். ஆறு ஆறாகப் பிரியுங்கள். கன்று படுத்தால் கால் மறையும் அளவுக்கு வைக்கோல் போடுங்கள். நெருக்கியடித்தால் காசநோய்க்கு முன்பே கழிச்சலும் நிமோனியாவும் கன்றுகளைக் கொண்டுபோய்விடும். இனிப் பிறக்கும் கன்றுக்கு நல்ல மாட்டின் சீம்பால், இரண்டு மணி நேரத்துக்குள், மூன்று லிட்டர்.

நஷ்டஈட்டுக்காக மாட்டுக்கு விலை போடும் மதிப்பீட்டாளர் வரும் நாளில் கணவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். தோற்ற மாடுகளின் பால் பதிவு, சினைத் தேதி, இனச்சான்று மூன்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். நோய் இல்லாதிருந்தால் சந்தையில் என்ன விலை போகுமோ அதைத்தான் போட வேண்டும். இறைச்சிக்கூடம் கொடுப்பது போக மீதியைத் துறை தரும். குறைவாகத் தோன்றினால் மேல்முறையீடு உண்டு. ‘கமிஷன் கொடுத்தால் கூட்டி எழுத வைக்கிறேன்’ என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

நாள் கணக்கு, தோற்ற மாடுகள் வெளியேறிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதற்குப் பின் குறைந்தது 60 நாள் இடைவெளியில் இரண்டு பரிசோதனை, இரண்டிலும் மந்தை முழுவதும் தேற வேண்டும். மார்ச் முதல் வாரம் லாரி வந்தால், எல்லாம் நன்றாக நடந்தால் ஜூலை. லாரி தாமதமானால் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதனால் தினமும் காலையில் அலுவலகத்துக்குப் போன் செய்து தேதி கேளுங்கள். தொந்தரவு என்று அவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.