புளியங்கொட்டையும் மஞ்சள் தாளும்

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. 700 ரூபாய்க்கு வாங்கிய கைவேலைப் பெட்டியைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, மறுபடியும் கைபேசியைக் கேட்கிறாள். வீட்டில் இருப்பதைக் கொண்டே அவளை ஈடுபடுத்த முடியுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வெட்டுவதையும் வண்ணம் தீட்டுவதையும் தொழிற்சாலையே செய்துவிட்டதால், அந்தப் பெட்டியில் உங்கள் மகளின் கைக்கு மிஞ்சியது ஒட்டுவது மட்டும்தான். அடுத்த முறை கொட்டை எடுக்காத புளியை வாங்கி, கொட்டைகளைக் கழுவி உலர்த்தி அவளிடம் கொடுங்கள். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தால், பழுப்புத் தோல் போய் உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். தாயக்கட்டை இல்லாத வீடுகளில் நம் பாட்டிமார் செய்துவந்த வேலைதான் இது. தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும். அந்தச் சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்காத குழந்தையை நான் கண்டதில்லை. இப்படி நான்கு கொட்டைகள் தயாரானதும் குலுக்கிப் போட்டு, வெள்ளை எத்தனை, பழுப்பு எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று வெள்ளை விழுந்தால் பழுப்பு ஒன்றுதான் என்பதைச் சில நாட்களில் எண்ணாமலே சொல்லத் தொடங்குவாள்; அதுவரை கூட்டல், கழித்தல் என்ற சொற்களை எடுக்கவே வேண்டாம். பல்லாங்குழியின் விதிகளுக்கு இன்னும் வயது இருக்கிறது. இப்போதைக்கு 14 குழிகளிலும் ஐந்தைந்தாக 70 கொட்டைகளை நிரப்புவதே அவளுக்குப் போதுமான விளையாட்டு. வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும், கொட்டைகளை அதன் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து.

கேள்வி: ஆறு வயது மகன் ‘சோதனை செய்யலாம்’ என்று நச்சரிக்கிறான். ரசாயனப் பொருள்களைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் எப்படிச் சிவக்கிறது என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால், அதற்குப் பதிலாகத் துணி சோப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, வழவழப்பில்லாத வெள்ளைத் தாளில் பூசி உலர விடுங்கள். சோப்புக் கரைசலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் அவன் இழுக்கும் கோடு, கண்ணெதிரே செங்கல் நிறமாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சள் திரும்பிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்கள் பட்டால் சிவக்கும் என்ற விளக்கத்துக்கு அவசரப்படாதீர்கள். சமையல் சோடா, மோர், உப்புநீர் ஆகியவை என்ன செய்யும் என்று முதலில் அவனை ஊகிக்கச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க விடுங்கள். பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள், கறை எளிதில் போகாது.

கேள்வி: பேத்தி களிமண்ணில் செய்யும் யானைக்குத் தும்பிக்கை விழுந்துகொண்டே இருக்கிறது. நானே ஒட்டிக் கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. ஒட்ட வேண்டிய இரு பக்கங்களையும் ஈர்க்குச்சியால் கீறி, கூழாகக் கரைத்த களிமண்ணைத் தடவி அழுத்தினால் நிற்கும். இதை அவளுடைய யானையில் செய்யாமல், தனியாக இரண்டு உருண்டைகளை எடுத்து ஒட்டிக் காட்டுங்கள். பார்த்துக்கொண்டு தன் யானைக்கு அவளே ஒட்டிக்கொள்வாள். தும்பிக்கை கோணலாக இருந்தாலும் தொடாதீர்கள். நிழலில் வைத்து மெல்ல உலர்த்துங்கள்; வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.