தொழுவத்தடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் நாலு கோழி, ஆறு வாத்து. மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மா நூடுல்ஸ்) கடைக்காரி வாத்து முட்டைதான் வேண்டும் என்கிறாள், அதனால் வாத்தைப் பெருக்க ஆசை. ஆனால் அவை அடை உட்கார மாட்டேன் என்கின்றன. அடைக்கோழிக்குக் கோழி முட்டையோடு வாத்து முட்டையையும் வைத்தேன். கோழிக்குஞ்சு பொரித்தது, வாத்து முட்டை எல்லாம் வீணாயிற்று. முட்டையில் கோளாறா?
– ஒரு வாசகி, தட்டோன்

பதில்: முட்டையின் மேல் பழி போடாதீர்கள், அம்மா. கல்யாணமாகி பெகுப் பக்கம் வந்த புதிதில் நானும் இதே கூத்தைச் செய்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். தன் குஞ்சு கத்த ஆரம்பித்ததும் கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பிவிடும். மிச்சமிருக்கிற முட்டைக்கு இன்னும் ஒரு வாரம் சூடு வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

கலந்து வைத்தே தீருவேன் என்றால் முதலில் வாத்து முட்டையை வையுங்கள், ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேருங்கள். நான் இப்போது கலப்பதே இல்லை. ஒரு நாட்டுக்கோழிக்கு ஆறு வாத்து முட்டை, அவ்வளவுதான். ஏழாவது வைத்தால் ஒன்று எப்போதும் வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். எட்டாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடாததை எடுத்துவிடலாம். கூடுதலாக ஒரு வாரம் உட்காருவதில் கோழி இளைத்துப்போகும். தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

குஞ்சு வந்த பிறகுதான் பாடு. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், நடுவில் கூழாங்கல் போட்டு இருக்க வேண்டும். போன வருஷம் பேரன் பெரிய பேசினை வைத்துவிட்டான். நாலு குஞ்சு நனைந்து விறைத்துக் கிடந்தன. பழைய கைலித் துணியில் சுற்றி அடுப்படியில் வைத்ததில் மூன்று பிழைத்தன. வாத்துத் தாயிடம் வளராத குஞ்சை இறகு முளைக்கும் முன் குளத்தில் விடாதீர்கள். இன்னொன்று: கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் அதிகம் வேண்டும். இல்லாவிட்டால் கால் வளைந்து நொண்டும். அதற்காகத்தான் நான் தீனியில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவுகிறேன்.

இவ்வளவு தொல்லை வேண்டாமென்றால் மணிலா வாத்து வாங்குங்கள். தானே அடை காக்கும், ஆனால் 35 நாள் பொறுக்க வேண்டும்.

கேள்வி: ஆடு, மாடு, கோழி, வாத்து எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் வைக்கலாமா?
– ஒரு வாசகர், ரங்கூன்

பதில்: வாத்தைத் தவிர. அது இருக்கிற இடம் ராத்திரிக்குள் சேறாகிவிடும்.

கேள்வி: மழை பிடித்ததும் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்த கொழுத்த ஆட்டுக்குட்டி காலையில் செத்துக் கிடந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறாள் மனைவி.
– ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: தம்பி, நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் துள்ளுமாரி நோய் என்றுதான் சந்தேகம். வெயிலில் காய்ந்த நிலத்தில் முதல் மழைக்கு இளம்புல் தளதளவென்று வரும். அதை ஆடு வயிறு முட்டத் தின்றால் குடலில் இருக்கிற கிருமி பெருகி விஷமாகிவிடும். நன்றாகத் தின்னுகிற கொழுத்த குட்டிதான் முதலில் போகும். பார்க்கிறவர்களுக்குக் கண்ணேறு மாதிரிதான் தெரியும். என் மாமியாரும் மிளகாய் சுற்றிப் போட்டவர்தான்.

தடுப்பூசியை மழைக்கு முன்பே, சித்திரையிலேயே போட்டுவிடுங்கள். மழை தொடங்கிய முதல் இரண்டு வாரம், காலையில் வைக்கோலைத் தின்னக் கொடுத்துவிட்டு, பனி காய்ந்த பிறகு அவிழ்த்து விடுங்கள். தவிட்டை ஒரேயடியாக வீசைக் கணக்கில் கொட்டாதீர்கள். (பர்மாவில் வீசை என்றால் 1.6 கிலோவுக்குச் சற்று மேல், தமிழ்நாட்டு வீசையைவிட அதிகம். ஊரிலிருந்து வந்த என் அத்தை அதைக் கேட்டு, 'பேரை எடுத்துக்கொண்டு எடையைக் கூட்டிவிட்டார்களே' என்பாள்.)

கொட்டகையில் தரையில் கட்டாமல் மூங்கில் பரண் போடுங்கள். மூத்திரமும் புழுக்கையும் கீழே விழுந்துவிடும், குளம்பு அழுகாது. மூங்கில் இடைவெளியில் குட்டியின் கால் சிக்குகிறதா என்று மட்டும் உங்கள் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் தாராளமாகப் போனால் இன்னொரு மூங்கில் வேண்டும்.