தொலைந்த சாவி, திருடுபோன கார்: டீலர் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: கரூரில் ஜவுளித் தொழில் செய்கிறேன். 2021இல் கடனில் வாங்கிய கார். கடந்த பிப்ரவரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்தது. டீலரிடம் போனேன். பூட்டு செட்டையே மாற்ற வேண்டும், 31,000 ரூபாய், மூன்று வாரம் ஆகும் என்று வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் அனுப்பினார்கள். அங்கிருந்த மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நண்பர் சொன்னதால் ஈரோட்டிலிருந்து ஒரு சாவிக்கடைக்காரரை வரவழைத்தேன். வீட்டு வாசலிலேயே அரை மணி நேரத்தில் சிப் சாவி செய்து கொடுத்து, 5,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். செப்டம்பரில் வாசலில் நின்ற காரைக் காணவில்லை. அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவானது, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிவித்தேன். இப்போது ‘இரண்டு அசல் சாவிகளையும் 15 நாட்களுக்குள் ஒப்படைக்கவும்’ என்று கடிதம் வந்திருக்கிறது. டீலர் நியாயமான விலை சொல்லியிருந்தால் நான் வெளியே போயிருக்கவே மாட்டேன். அவர்கள்மீது வழக்குப் போட முடியுமா? சாவிக்கடைக்காரர்மீதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ‘இன்னொரு சாவி செய்து இரண்டாகக் கொடுத்துவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது’ என்கிறார் என் மைத்துனர். நான் என்ன செய்வது?

பதில்: மேலாளர் நிமிர்ந்து பார்க்காததற்கு எந்த நீதிமன்றத்திலும் பரிகாரம் இல்லை. 31,000 ரூபாய் அநியாய விலையாகவே இருக்கட்டும். அந்த வேலையை நீங்கள் அவர்களிடம் கொடுக்கவில்லை, பணமும் கட்டவில்லை. வாங்காத சேவையில் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தின் படியேறினால் மனுவை விசாரணைக்கு எடுப்பதே கஷ்டம். கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கின்றன என்ற புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது உண்மைதான். அதன் மேல்முறையீடுகள் தனிக் கதை. உங்கள் கோபத்துக்கு அதில் ஆறுதல் கிடைக்கலாம், கார் கிடைக்காது.

நான்கு நாள் தாமதத்தை நினைத்தும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திருட்டு நடந்ததும் போலீசில் புகார் பதிவாகிவிட்டால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

இத்தனை எழுதிய நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரத்தில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. அந்தச் சாவிக்கடைக்காரர் புதுச் சாவியைக் காரில் சேர்த்தாரா, அல்லது தொலைந்த சாவியை நீக்கிவிட்டுச் சேர்த்தாரா?

சிப் வைத்த கார்களில் எந்தெந்தச் சாவிக்கு இன்ஜின் கிளம்ப வேண்டும் என்பது வண்டியின் இம்மொபிலைசரில், அதாவது தெரியாத சாவிக்கு இன்ஜினைக் கிளம்பவிடாத மின்னணுப் பூட்டில், பதிவாகி இருக்கும். புதுச் சாவியை அந்தப் பதிவில் கூடுதலாகச் சேர்ப்பது ஒரு வேலை. பழைய பதிவுகளை அழித்துவிட்டு, கையில் இருக்கும் சாவிகளை மட்டும் திரும்பப் பதிவது வேறு வேலை. இரண்டாவது நடந்திருந்தால், தொலைந்த சாவியை எடுத்தவன் கதவைத் திறக்கலாம். அந்தச் சாவியைக் கொண்டு இன்ஜினைக் கிளப்ப முடியாது. முதலாவது மட்டும் நடந்திருந்தால், ஏழு மாதம் உங்கள் காருக்கு ஊரில் எவனோ ஒருவனிடம் உயிருள்ள சாவி இருந்திருக்கிறது, அது தெரிந்தே நீங்கள் வண்டியைத் தெருவில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றாகும். டீலர் பூட்டு செட்டையே மாற்றச் சொன்னதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். எல்லாமே கொள்ளை இல்லை.

சட்டத்தில் இதற்கு எங்கே இடம்? உங்கள் பாலிசியின் நிபந்தனைகளைப் புரட்டுங்கள். வாகனத்தை இழப்பிலிருந்து காக்க உரிமையாளர் நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். நான் பார்த்த கார் பாலிசிகளில் ‘இரண்டு சாவியும் கொடுத்தால்தான் பணம்’ என்ற நிபந்தனை இல்லை. சாவி கேட்பது, முதலில் சொன்ன அந்தக் கவன நிபந்தனைக்கு உள்ளே நுழைவதற்கான வாசல். சாவி ஏன் இல்லை என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் நீங்கள் கவனமாக இருந்தீர்களா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். சாவியை டீலர் செய்தாரா, ஈரோட்டுக்காரர் செய்தாரா என்பதைப் பற்றி அந்த நிபந்தனையில் ஒரு சொல்லும் இருக்காது.

இனி மைத்துனரின் யோசனை. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் திருட்டுக் கிளெய்ம் வழக்குகளில் தோற்பவை பெரும்பாலும் திருட்டினால் தோற்பதில்லை, அதற்குப் பிறகு நடக்கும் கெட்டிக்காரத்தனத்தினால் தோற்கின்றன.

நிறுவனம் அனுப்பும் புலனாய்வாளர் சாவியைக் கையில் வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவார். நான்கு வருடம் தினம் பூட்டில் நுழைந்து வெளிவந்த சாவியின் பற்கள் மழுங்கிப் பளபளக்கும். சட்டைப்பையில் சில்லறையோடு உரசிய கீறல் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். போன வாரம் வெட்டிய சாவியில் வெட்டு இயந்திரத்தின் கோடு புதிதாக, கூராக, வரிசையாகத் தெரியும். நகல் எடுக்க இயந்திரத்தில் பிடித்துவைத்த அசல் சாவியின் விளிம்பிலும் முனை ஓடிய தடம் பதிந்திருக்கும். சந்தேகம் வந்தால் அவர் அதைக் கார் நிறுவனத்துக்கு அனுப்பி, இது தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த சாவிதானா என்று எழுதி வாங்குவார். ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் செய்துவிட்டு என்னிடம் வந்தார். சாவி தொலைந்ததை அவர் உள்ளபடி சொல்லியிருந்தால் பேசிப் பார்க்க இடம் இருந்தது. போலிச் சாவியை அசல் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தபின், கவனக்குறைவு பற்றிய பேச்சே எழவில்லை. தெரிந்தே பொய் சொன்னார் என்ற ஒரே வரியில் மொத்தக் கிளெய்மும் போயிற்று. காப்பீட்டு ஒப்பந்தம் நம்பிக்கையின் மேல் நிற்பது. அதில் பொய் நிரூபணமாகிவிட்டால் நீதிமன்றத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. ஏமாற்றுதல் என்று கிரிமினல் புகார் வரும் ஆபத்தும் உண்டு. அப்போது மைத்துனர் ஜாமீன் கொடுக்க வருவாரா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் விழும் குழி ஒன்று உண்டு. எஃப்.ஐ.ஆர்., கிளெய்ம் படிவம், புலனாய்வாளர் வாங்கும் வாக்குமூலம் ஆகிய மூன்று காகிதங்களும் சாவியைப் பற்றி ஒன்றையே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருபவர் காபி குடித்தபடி தன்மையாகப் பேசிக்கொண்டே தானே எழுதுவார். ‘ஒருவேளை வண்டியிலேயே சாவியை விட்டிருப்பீர்களோ?’ என்பார். நீங்கள் ‘ஞாபகம் இல்லை சார்’ என்பீர்கள். காகிதத்தில் ‘சாவியை வண்டியில் விட்டிருக்க வாய்ப்புண்டு’ என்று ஏறியிருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர்கள் வருடக்கணக்கில் வழக்கு நடத்துவார்கள். உங்களிடம் வாக்குமூலம் வாங்கியாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால் நகல் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால், நீங்களே தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவர் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாவிக்கடைக்காரர்மீது சந்தேகம் என்கிறீர்கள். ஆதாரம் என்ன? சாவி செய்யத் தெரியும் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. போலீஸ் கேட்டால் அவர் வந்து போனதை மறைக்காமல் சொல்லுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை. நீங்களாக அவர் பெயரைப் போட்டுக் குற்றம்சாட்டி மனு எழுதினால் அன்றோடு அவர் உங்களுக்கு எதிரி. இந்த வழக்கில் உங்களுக்கு இருக்கும் ஒரே நேரடி சாட்சி அவர். பிப்ரவரியில் சாவி தொலைந்துபோய் அழைக்கப்பட்டேன், இன்ன பதிவெண் வண்டிக்கு இன்ன தேதியில் சாவி செய்தேன், பழைய பதிவை நீக்கினேன் அல்லது நீக்கவில்லை என்று அவருடைய கடைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். நீக்கினேன் என்று எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது நிற்காது. பில் வாங்கவில்லை என்றாலும், பணத்தை ஜிபே போன்ற செயலி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு தேதியோடு இருக்கும். அதை இன்றே எடுத்து வையுங்கள்.

நீங்கள் திட்டித் தீர்க்கும் டீலரின் எஸ்டிமேட்தான் உங்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம். திருட்டுக்கு ஏழு மாதம் முன்பே ஒரு சாவி தொலைந்துவிட்டது, நீங்கள் அதைச் சரிசெய்ய அலைந்தீர்கள் என்பதை கார் நிறுவனத்தின் அதிகாரபூர்வ டீலரே தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்கள்மீது வழக்குப் போட்டால் அந்தக் காகிதத்தை நிரூபிக்க அவர்களையே கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஆனால் இதற்கு ஒரு கூர்மையான மறுபக்கம் உண்டு. பூட்டு செட்டை மாற்றுங்கள் என்று எச்சரிக்கப்பட்டும் மலிவு வழியில் போனார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே காகிதத்தை எடுத்து வாசிப்பார். நான் அந்தப் பக்கம் நின்றால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஆகவே கணக்குக்கு வருவோம். பழைய சாவி நீக்கப்பட்டதாகச் சாவிக்காரர் எழுதித் தந்தால் முழுத் தொகைக்கும் நில்லுங்கள். நீக்கப்படவில்லை என்றால் 75 சதவீதத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் திருட்டுக் கிளெய்மை அடியோடு மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்க வேண்டும் என்பது 2008இல் நிதின் கண்டேல்வால் வழக்கிலிருந்து வரும் வழி. 2023இல் அசோக் குமார் வழக்கில் லாரியின் சாவி வண்டியிலேயே விடப்பட்டிருந்தும் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. உங்கள் நிலைமை அதைவிட மோசம் இல்லை. ஐ.டி.வி., அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு, 5,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 75 சதவீதம் 3,90,000. மீதி 1,30,000 ரூபாய்க்காக மாவட்ட ஆணையம், மாநில ஆணையம் என்று அலையும் வருடங்களில், இல்லாத காருக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டே இருப்பீர்கள். கடன் பாக்கி இருப்பதால் பணம் எப்படியும் முதலில் வங்கிக்குத்தான் போகும். வங்கியிடம் இன்றைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பேச்சுவார்த்தைக்குப் போங்கள். ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டபின் மீதியைக் கேட்க வேண்டுமானால், உங்களை ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எனவே தொகையைப் பார்த்து, மனம் ஒப்பிய பிறகே பேனாவைத் தொடுங்கள்.

ஒரேயடியாக மறுத்தால் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் தொடமாட்டார் என்பதால் முதலில் குறைதீர்ப்பாளரிடம் போவதுதான் உங்களுக்கு நல்லது. வழக்கறிஞரே தேவைப்படாத இடம் அது. எனக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம்.

இதே கேள்வியோடு, இன்னும் கார் வாசலில் நிற்கும் வாசகர்களுக்கு: டீலரா சாவிக்கடையா என்பது உங்கள் பணப்பை முடிவு செய்ய வேண்டியது. புதிய காராக இருந்து வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் டீலர். வெளி ஆள் மின்னணுப் பகுதியைத் தொட்டார் என்று பிறகு வாரண்டிச் சண்டை வராது. பழைய கார் என்றால் கடை வைத்து, பதிவெண் போட்டு பில் கொடுக்கும் சாவிக்காரரே போதும். எங்கே போனாலும் வீட்டிலிருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போய், தொலைந்ததை நீக்கச் சொல்லி, நீக்கியதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு முன்பே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பாலிசியில் சாவி மாற்றுச் செலவுக்குத் தனிப் பிரீமியம் கட்டியிருந்தால் அந்த 31,000இல் ஒரு பகுதியை நிறுவனமே தரக்கூடும். கட்டியவர்களுக்கே பல நேரம் அது நினைவிருப்பதில்லை.

கரூர் வாசகர் அனுப்ப வேண்டிய பதில் இவ்வளவுதான்: ‘வாகனத்தின் இரண்டு அசல் சாவிகளில் ஒன்று பிப்ரவரி மாதம் இன்ன தேதியில் தொலைந்தது. டீலரின் எஸ்டிமேட், பணம் செலுத்திய பதிவு, சாவி செய்தவரின் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். என்னிடம் உள்ள ஓர் அசல் சாவியையும், பின்னர் செய்த ஒரு சாவியையும் அவை எவை என்று குறிப்பிட்டு ஒப்படைக்கிறேன்.’ மன்னிப்பு, விளக்கம், மேலாளரின் முகம் எதுவும் வேண்டாம். சாவிகளை இரு பக்கமும் படமெடுத்துக்கொண்டு, ஒப்புகை வாங்கிய பிறகே கையைவிட்டு விடுங்கள். கடிதத்தை மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள், பதினைந்தாம் நாள் வரை காத்திருக்காமல்.